கொலைகாரன் யாரென்று பாதியிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? ஹிட்ச்காக் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாளைக்காரன் (பெருந்துறை)

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீடு) ஒரு பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்து, பழைய புரொஜெக்டர் ஒன்றை வைத்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படம் போடுகிறோம். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. சித்தப்பா பெரியப்பா பசங்க, மச்சான் ஒருத்தன், திருப்பூர் கம்பெனியிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள், ஒறம்பரை வந்திருந்தால் அவர்களும். அப்பா கயிற்றுக் கட்டிலைக் கடைசியில் போட்டு உட்காருவார், படம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து மாட்டுக்குத் தட்டுப் போடப் போய்விடுவார். எங்கள் ஊர் விமர்சனம் அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஆசைப்பட்டு, ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் வெர்டிகோ போட்டேன். 2012இல் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் உலகத்திலேயே சிறந்த படம் என்று முதலிடம் பிடித்த படம், அதுவரை அந்த இடத்தில் இருந்த சிட்டிசன் கேனையே கீழே இறக்கியது, சாதாரணமாகவா இருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஆள் காரில் ஒரு பெண்ணின் பின்னாலேயே போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். பூக்கடை, கல்லறை, மியூசியம். பேச்சே இல்லை. அப்பா அந்தக் கல்லறையிலேயே எழுந்துவிட்டார். மிச்சம் இருந்தவர்களும் செல்போனை எடுத்துவிட்டார்கள். சரி, கடைசியிலாவது ஒரு அடி விழும் என்று பார்த்தால், படம் முடிய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே அந்தப் பெண் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறாள், மொத்த ரகசியமும் வெளியே வந்துவிடுகிறது. மச்சான் உடனே, "அதான் அவனே சொல்லிட்டானே, இனி எதுக்கு உக்காந்திருக்கோணும்?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏன் பிடித்தது என்று அவனுக்கு விளக்க வரவில்லை. சைக்கோவும் அப்படித்தான், முடிவு என்ன என்று பார்க்காதவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு இந்தப் படங்களில் என்ன மிச்சம்? அப்புறம், இந்தக் கூட்டத்துக்கு அடுத்து எதைப் போடலாம்? அப்பாவும் சித்தியும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், சப்டைட்டில் தலைதெறிக்க ஓடக் கூடாது.


கோபி வாத்தியார்

தம்பி, உங்கள் மச்சான் கேட்ட கேள்வியை அந்தப் படம் எடுத்தவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். வெர்டிகோவுக்கு மூலம் பொய்லோ, நார்சஜாக் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சேர்ந்து எழுதிய நாவல். அதில் ரகசியம் கடைசியில்தான் உடையும். ஹிட்ச்காக் அதைத் தூக்கி முன்னால் வைத்தார், கூட இருந்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். கடிதம் வரைக்கும் நாமும் நாயகன் ஸ்காட்டியோடு சேர்ந்து ஏமாந்துகொண்டிருக்கிறோம். கடிதத்துக்கு அப்புறம், செத்துப்போனதாக அவன் நம்புகிற பெண்ணும் கடிதம் எழுதியவளும் ஒருத்திதான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் அந்தப் பெண்ணுக்குச் சாம்பல் நிற உடை வாங்கித் தருகிறான், தலைமுடி நிறத்தை மாற்றச் சொல்கிறான், கொண்டை இப்படித்தான் போட வேண்டும் என்கிறான், அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறாள். ரகசியம் நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் ஒரு கிறுக்கனின் அடம் என்று போயிருக்கும். தெரிந்ததால், ஒவ்வொரு தடவை அவள் சரி என்று சொல்லும்போதும் இவள் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறாளே என்று நமக்கு அடிவயிறு கலங்குகிறது. யார் செய்தது என்பது புதிர். அதைத் தெரிந்துகொண்டவுடன் தீர்ந்துவிடும். இவன் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்கிற பயம் அப்படித் தீராது, கடைசி நிமிடம் வரைக்கும் கூடவே வரும்.

ஹிட்ச்காக்கே இதைச் சொல்லியிருக்கிறார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரோடு நாள் கணக்கில் உட்கார்ந்து பேசினார், 1966இல் புத்தகமாக வந்தது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ பேசுகிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது, 15 வினாடி அதிர்ச்சி. அதே குண்டை வைப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டி, சுவரில் ஒரு கடிகாரத்தையும் காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடம் நம்மைப் பதற வைக்கும். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டிவிட்டேன்.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான வித்தை அதற்கும் ஒரு படி மேலே. விஷயத்தைச் சொல்லிச் சொல்லியே நம்மைக் குற்றவாளி பக்கம் தள்ளிவிடுவார். சைக்கோவில் விடுதிக்காரன் நார்மன் பிணத்தைக் காரில் வைத்து சதுப்பில் தள்ளுகிறான். கார் இறங்கிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடும். அப்போது தியேட்டரில் மூச்சு நிற்கும் பாருங்கள்! ஏன் நிற்க வேண்டும்? கார் முழுகாமல் இருந்தால்தானே நியாயம் கிடைக்கும்? ஆனால் மனசு "முழுகு, முழுகு" என்கிறது. ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின் படத்தில் புரூனோ, ஓர் அப்பாவியை மாட்டிவிட வைத்திருக்கிற சிகரெட் லைட்டரைச் சாக்கடைக் கம்பிக்குள் போட்டுவிடுவான். கையை விட்டுத் துழாவுகிறான், விரல் நுனி எட்டுகிறது, வழுக்குகிறது. அவன் கொலைகாரன், அவனுக்கு அது கிடைக்கவே கூடாது, ஆனால் நம் கையும் சேர்ந்து நீள்கிறது.

ஆகவே அடுத்த ஞாயிறு டயல் எம் ஃபார் மர்டர் போடுங்கள். 1954. நாடகமாக ஓடிய கதை, பெரும்பாலும் ஒரே வீட்டு முன்னறைதான். ரே மில்லண்ட் தன் மனைவியைக் கொல்லத் திட்டம் போடுகிறான். எந்தக் கதவு, எந்தத் திரை, எத்தனை மணி, சாவி எங்கே என்று ஒன்று விடாமல் கூலிக்கு வந்தவனிடம் விளக்குகிறான், அதாவது நமக்கு விளக்குகிறான். எல்லாம் தெரிந்தாகிவிட்டது. அப்புறம் அந்த ராத்திரி அவன் கைக்கடிகாரம் நின்றுபோகிறது. அவசரமாகப் போன் செய்ய ஓடினால் போன் பூத்தில் வேறொருவன் நிற்கிறான். அந்தக் கட்டத்தில் உங்கள் அப்பாவைத் திரும்பிப் பாருங்கள், கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார்.


ஆனைமலை எடிட்டர் (பொள்ளாச்சி)

வாத்தியார் சார் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம், முதலில் போட வேண்டியது ரியர் விண்டோ. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள், அதனால் எனக்கு இந்தப் படத்தின் மேல் ஒரு தனிப் பைத்தியம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை ஒரு வரிதான். காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் கிடக்கிற போட்டோகிராபர் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்), வேறு வேலை இல்லாமல் எதிர் வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று சந்தேகம். கேமரா கிட்டத்தட்ட முழுப் படமும் அவர் அறையை விட்டு இறங்காது. அவர் முகம், அவர் பார்ப்பது, மறுபடி அவர் முகம். இந்த மூன்றை வைத்தே ஓட்டுகிறார்கள். ஹிட்ச்காக் ஒரு விளக்கம் சொல்வார்: ஒருவர் பார்க்கிறார், அவர் பார்ப்பது ஒரு தாயும் குழந்தையும், அப்புறம் அவர் சிரிக்கிறார் என்றால் நல்ல மனுஷன். நடுவில் குழந்தையை எடுத்துவிட்டு நீச்சலுடையில் ஒரு பெண்ணை ஒட்டினால், அதே சிரிப்புக்கு அவர் ஜொள்ளுக் கிழவன். நடிகர் ஒன்றும் மாற்றவில்லை. எங்கள் தொழிலில் இதைத் தினமும் செய்கிறோம், மாப்பிள்ளை எதையோ பார்த்துச் சிரித்ததை எடுத்து பெண்ணைப் பார்த்துச் சிரித்ததாக ஒட்டுவோம், யாரும் கேட்டதில்லை!

நான் சின்ன வயதில் திருப்பூரில் லைன் வீட்டில் வளர்ந்தவள். ஒரு குழாய், ஒரு வாசல், வரிசையாக வீடுகள், யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். ரியர் விண்டோவின் அந்த முற்றம் அதேதான். தனியாக இருக்கும் ஒரு பெண் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைத்து, வராத ஆளுக்கு வணக்கம் சொல்லிப் பேசுவாள். பியானோக்காரர் ஒருவர் ஒரு பாட்டை முடிக்க முடியாமல் திண்டாடுவார். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். பாராமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் தரையைத் தோண்டி அந்த முழுக் குடியிருப்பையும் செட்டாகப் போட்டார்கள். படத்தில் வருகிற பாட்டும் சத்தமும் பெரும்பாலும் அந்த வீடுகளிலிருந்து வருவதுதான்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). ஸ்டூவர்ட்டின் காதலியாக வருகிற கிரேஸ் கெல்லி கொலைகாரன் வீட்டுக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்கிறாள். போலீஸ் வந்துவிட்டது. அவள் செத்துப்போன மனைவியின் கல்யாண மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஜன்னல் பக்கமாக ஆட்டிக் காட்டுகிறாள். ஸ்டூவர்ட் லென்ஸ் வழியாகப் பார்க்கிறார். கொலைகாரனும் அந்தக் கையைப் பார்க்கிறான். யாருக்குக் காட்டுகிறாள் என்று யோசிக்கிறான். மெதுவாகத் தலையை நிமிர்த்தி நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அவ்வளவு நேரம் இருட்டில் உட்கார்ந்து அடுத்த வீட்டைப் பார்த்தது நாம்தானே! படம் பூரா அவள் ஸ்டூவர்ட்டிடம் கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டிருந்தவள், கடைசியில் மோதிரம் போட்டது இப்படி. ஒரே ஷாட்டில் இரண்டு கதை முடிகிறது.

நொட்டோரியஸ் (1946) பற்றியும் ஒரு வார்த்தை. விருந்தில் ஷாம்பெயின் பாட்டில்கள் குறைந்துகொண்டே வரும். தீர்ந்தால் வேலைக்காரன் நிலவறைக்குப் போவான், நிலவறைச் சாவி நாயகி இன்கிரிட் பெர்க்மன் கைக்குள் இருக்கிறது. மாடியின் உச்சியிலிருந்து, அவ்வளவு பெரிய கூடத்தையும் கூட்டத்தையும் காட்டிவிட்டு, கேமரா ஒரே மூச்சில் இறங்கி வந்து அவள் மூடிய கைக்குள் இருக்கிற அந்தச் சாவியில் நிற்கும். அப்புறம் நாம் ஹீரோவையா பார்க்கிறோம், ஐஸ் பெட்டியில் இன்னும் எத்தனை பாட்டில் மிச்சம் என்றுதான் எண்ணிக்கொண்டிருப்போம்.


சேலத்து எதிர்க்கட்சி

எல்லோரும் ஒரே பக்கம் ஆடினால் ஊஞ்சல் அறுந்துவிடும், அதனால் நான் கொஞ்சம் எதிரே தள்ளுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, ஹிட்ச்காக் சொல்லாமல் காட்டுகிறவர் என்று பெயர். சைக்கோவின் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்றுகொண்டு, பார்த்ததையெல்லாம் மறுபடி விளக்கோ விளக்கு என்று விளக்குகிறாரே, அது என்ன? அந்த இடத்தில் எழுந்து தட்டுப் போடப் போனால் உங்கள் அப்பா மேல் தப்பே இல்லை. காரில் போகிற காட்சிகளில் பின்னால் ஓடுகிற தெரு இன்றைக்குப் பார்த்தால் பல்லிளிக்கிறது. 1966இல் வந்த டோர்ன் கர்ட்டன், 1969இல் வந்த டோபாஸ் இரண்டையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். டோர்ன் கர்ட்டனில் ஒரே ஒரு கொலைக் காட்சி, ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு சிரமம், எவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை என்று காட்டுவதற்காகவே எடுத்தது, அதை மட்டும் பார்க்கலாம்.

இரண்டாவது, மேதை மேதை என்று ஒற்றை ஆளையே தூக்கி வைக்கிறோம். ராபர்ட் பர்க்ஸ் கேமரா, ஜார்ஜ் டொமாசினி எடிட்டிங், பெர்னார்ட் ஹெர்மன் இசை, சால் பாஸ் டைட்டில், இவர்கள் இல்லாமல் ஐம்பதுகளின் ஹிட்ச்காக் கிடையாது. மனைவி ஆல்மா ரெவில் அவருக்கு முன்பே சினிமாவில் எடிட்டிங் பார்த்தவர். சைக்கோ பிரிண்ட் வெளியே போகும் முன், செத்துக் கிடக்கிற நாயகி ஜானட் லீ தொண்டை அசைகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான் என்பார்கள். எடிட்டர் அம்மணிக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது, தி பேர்ட்ஸ் படத்தில் மாடி அறைக் காட்சிக்கு இயந்திரப் பறவைகள் என்று சொல்லிவிட்டு, நிஜப் பறவைகளை நாள் கணக்கில் நாயகி டிப்பி ஹெட்ரன் மேல் விட்டெறிந்தார்கள், கடைசியில் மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. இயக்குநர் தன்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றி அவர் 2016இல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை முன்பு மாதிரி ரசிக்க முடியவில்லை. பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பாருங்கள் என்கிறேன்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். டயல் எம், ரியர் விண்டோ இரண்டும் வந்த அதே 1954இல் நம்மிடம் அந்த நாள் வந்தது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு, ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. படம் ஆரம்பித்தவுடனே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். நட்சத்திரத்தைப் பாதியில் கொன்றார் என்று சைக்கோவைக் கொண்டாடுகிறோமே, இங்கே ஆறு வருடம் முன்னாலேயே சிவாஜியை முதல் காட்சியிலேயே சுட்டுவிட்டார்கள்! ஆனால் அது யார் சுட்டது என்கிற புதிர்க் கதை, ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், வாத்தியார் சொன்ன அந்த ரகம் இல்லை. அந்த ரகம் வேண்டுமென்றால் அதே பாலசந்தரின் பொம்மை (1964). பொம்மைக்குள் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது, அது கை மாறி மாறிப் போகும். யேசுதாஸ் பாடிய "நீயும் பொம்மை நானும் பொம்மை" அந்தப் படம்தான். ஹிட்ச்காக்கின் 1936 படம் சபோட்டாஜில் இதே மாதிரி ஒரு பையன் குண்டு என்று தெரியாமல் அதைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போவான், அங்கே அது வெடித்தே விடும். அந்தப் பையனைக் கொன்றது தப்பு என்று பின்னால் ஹிட்ச்காக்கே சொன்னார், அவ்வளவு நேரம் பதற வைத்துவிட்டு அந்தப் பதற்றத்தை இறக்கி வைக்க இடம் தரவில்லை என்று. உங்கள் சாளையில் இரண்டையும் அடுத்தடுத்த வாரம் போட்டுப் பாருங்கள், சண்டை நன்றாக வரும்.

எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ பற்றி ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிற அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன், வல்லவன் ஒருவன் மாதிரி அங்கே எடுத்த துப்பறியும் படங்களை யாராவது இப்படி உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகப் பேசுகிறோமா? சரி, அது வேறு திரிக்கு.


கோபி வாத்தியார்

எதிர்க்கட்சிக்காரரே, மனநல மருத்துவர் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் அவர் பேசி முடித்ததும் வருகிற காட்சியை விட்டுவிட்டீர்கள். காலி அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நார்மன், கையில் ஒரு ஈ, அம்மாவின் குரல். அவ்வளவு விளக்கமும் அந்த ஒரு சிரிப்பில் அடிபட்டுப்போகிறது. வேண்டுமென்றேதான் வைத்தாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

பொம்மையை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. குண்டு இருக்கிற பொம்மையைக் குழந்தை கையில் பார்க்கிறபோது வருகிற பயத்துக்குச் சப்டைட்டில் வேண்டியதில்லை, தம்பி இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.


தறிச்சத்தம் (குமாரபாளையம்)

நான் பெரிய ரசிகன் எல்லாம் இல்லைங்க, ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு ஹெட்போனில் பார்க்கிறவன். சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வந்தேன்.

சைக்கோவின் குளியலறைக் காட்சிக்கு முதலில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொன்னார். ஹெர்மன் அதையும் மீறி எழுதினார், கேட்டுவிட்டு இவர் மனசை மாற்றிக்கொண்டார். முழுப் படத்துக்கும் வயலின் குடும்பத்து நரம்பு வாத்தியங்கள் மட்டும்தான், தாளம் கிடையாது, ஊதுகிற வாத்தியம் கிடையாது. கத்தி குத்துகிற சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்தி ரெக்கார்ட் செய்தார்கள், ரத்தத்துக்கு சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளை என்பதால் தெரியாது. அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி உடம்பில் இறங்குவதைப் பார்த்ததாக எல்லோரும் அடித்துச் சொல்வார்கள், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், காதுதான் பார்த்திருக்கும்.

அதற்கு நேர் எதிர் தி பேர்ட்ஸ் (1963). பின்னணி இசையே கிடையாது. ஓஸ்கார் சாலா என்கிற ஜெர்மானியர் ஒரு மின்னணுக் கருவியில் செய்த பறவைச் சத்தங்கள்தான். பள்ளிக்கூட வாசலில் நாயகி பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள், உள்ளே பிள்ளைகள் முடியவே முடியாத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்காருகிறது. அவளைக் காட்டுகிறார்கள். மறுபடி கம்பி, இப்போது நாலு. மறுபடி அவள். பாட்டு தொடர்கிறது. கடைசியில் வானத்தில் ஒற்றைக் காக்கா பறக்க, அவள் கண் அதன் பின்னாலேயே போய்த் திரும்பினால் கம்பி பூராவும் கறுப்பு. வாத்தியார் சொன்ன குண்டு இதுதானே? நமக்கு முதல் காக்காவிலேயே தெரியும். அந்தப் பாட்டு எப்போது நிற்கும், நின்றால் பிள்ளைகள் வெளியே வந்துவிடுவார்களே என்பதுதான் பயம். எடுத்த விதம் பற்றி சேலத்துக்காரர் சொன்னது சரிதான், இருந்தாலும் இந்தக் காட்சியில் பறவை யார் மேலும் விழவில்லை.

நார்த் பை நார்த்வெஸ்ட் (1959) படத்தில் நாயகனை விமானம் துரத்துகிற காட்சியும் அதே கதை. ராத்திரி, மழை, சந்து எதுவுமே இல்லாமல், பட்டப்பகலில் வெட்ட வெளியில் கேரி கிராண்ட் தனியாக நிற்கிறார், ஒளிய ஒரு மரம் இல்லை. இன்டியானா என்று கதை, எடுத்தது கலிஃபோர்னியாவில். விமானம் போய் லாரியில் மோதுகிற வரைக்கும் இசை கிடையாது, காற்று, வண்டிச் சத்தம், இன்ஜின் சத்தம், அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, புரொஜெக்டரோடு வருகிற டப்பா ஸ்பீக்கரில் இதைப் போடாதீர்கள். திருவிழாவுக்கு ரேடியோ கட்டுகிற ஆளிடம் ஒரு நல்ல பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி மோட்டார் ஓடுகிற பக்கமாக ஆட்களை உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று, சைக்கோ வெளியானபோது படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்காரர்களுக்கு ஹிட்ச்காக் விதி போட்டார். நம்ம ஊரில் அந்த விதி வந்தால், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்டர்வெல்லுக்கு வருகிற பெரியப்பாக்கள் எல்லாம் எங்கே போவார்கள்?


சாளைக்காரன் (பெருந்துறை)

எல்லோருக்கும் நன்றிங்க. எடிட்டர் அக்கா, மன்னிக்கோணும், வாத்தியார் சொன்னதுதான் முதலில் நடந்தது, நேற்று டயல் எம் போட்டாயிற்று. தறிக்காரர் சொன்ன மாதிரி பாக்ஸும் வாங்கி வந்தோம்.

ஆரம்பத்தில் அந்த ஆள் உட்கார்ந்து நீளமாகத் திட்டத்தை விளக்கும்போது கொஞ்சம் நெளிந்தார்கள், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கைக்கடிகாரம் நின்றது தெரிந்தவுடன் அப்பா, "மணி பாருடா, மணி பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். போன் பூத்தில் இன்னொருத்தன் நின்றபோது சித்தி அவனைத் திட்டினார். அப்புறம் சித்தியே, "நாம யாருக்குடா பரிஞ்சு பேசறோம், அவன் பொண்டாட்டியக் கொல்றவனாச்சே!" என்று கேட்டார். போன் அடித்து அந்தப் பெண் இருட்டில் எழுந்து வரும்போது கட்சி மாறிவிட்டார்கள், கத்தரிக்கோல் எடுத்தபோது விசில். கோர்ட் காட்சியை வெறும் முகத்தையும் பின்னால் கலரையும் காட்டி முடித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது, அப்பாவுக்கு, "கோர்ட்டைக் காட்டாம ஏமாத்திட்டான்" என்று குறை.

மச்சான் விஷயம்தான் சிக்கல். கடைசியில் அந்தச் சாவிக் கணக்கு அவனுக்குப் புரியவில்லை, எனக்கும் பாதிதான். இன்ஸ்பெக்டர் சாவியை வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறார், கோட்டை மாற்றுகிறார், எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். பெரியப்பா பையன் ஒருத்தன் புரிந்த மாதிரி நடிக்கிறான். வாத்தியாரே, கொஞ்சம் பிரித்துச் சொல்ல முடியுமா? (இன்னும் பார்க்காதவர்கள் இதற்குக் கீழே படிக்காதீர்கள்.)


கோபி வாத்தியார்

அது படம் முடிந்த பிறகு எல்லா வீட்டிலும் நடக்கிற தகராறு. பொறுமையாகப் பாருங்கள்.

டோனி (ரே மில்லண்ட்) தன் மனைவி மார்கோவின் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, வெளியே மாடிப்படிக் கம்பளத்துக்கு அடியில் வைக்கிறான். கொல்ல வந்தவன் அதை எடுத்துக் கதவைத் திறக்கிறான். திறந்ததும் சாவியைப் பையில் போட்டுக்கொள்வான், வேலை முடிந்து போகும்போது திரும்ப வைப்பான் என்பது டோனியின் கணக்கு. ஆனால் அவன் கதவைத் திறந்த கையோடு சாவியைக் கம்பளத்துக்கு அடியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். இது டோனிக்குத் தெரியாது. அவன் திரும்பி வந்து பிணத்தின் சட்டைப்பையில் ஒரு சாவியைப் பார்க்கிறான், இதுதான் மனைவியுடையது என்று எடுத்து அவள் கைப்பையில் போடுகிறான். அது செத்தவனுடைய சொந்த வீட்டுச் சாவி.

இப்போது இன்ஸ்பெக்டர் என்ன செய்கிறார்? மார்கோவை அவள் கைப்பையோடு வீட்டுக்குத் தனியாக அனுப்புகிறார். அவள் அந்தச் சாவியைப் போட்டுப் பார்க்கிறாள், கதவு திறக்கவில்லை, மாடிப்படிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கமாக வருகிறாள். கம்பளத்து ரகசியம் அவளுக்குத் தெரியாது என்று ஆகிவிட்டது. அடுத்தது டோனி. அவனுடைய சாவி கோட்டில் இருந்தது, கோட்டை முன்பே இன்ஸ்பெக்டர் மாற்றி எடுத்துப் போய்விட்டார், அதனால் கையில் இருப்பது மனைவியின் கைப்பைச் சாவிதான். அதுவும் சேரவில்லை. அவன் திரும்பிப் போகிறான், உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். போகிறவன் நிற்கிறான். யோசிக்கிறான். மாடிப்படியைப் பார்க்கிறான். கம்பளத்தைத் தூக்கிச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால், அறைக்குள் மனைவியும் இன்ஸ்பெக்டரும் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மச்சானுக்கு மறுபடி போட்டால் அந்தக் கொலைகாரன் உள்ளே வருகிற இடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சாவியைத் திரும்ப வைப்பதை அங்கே காட்ட மாட்டார்கள். முதலிலிருந்து ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்த மனுஷன், அந்த ஒன்றை மட்டும் நம்மிடமிருந்து மறைத்துவிட்டார்.


ஆனைமலை எடிட்டர் (பொள்ளாச்சி)

இதற்குத்தான் ரியர் விண்டோவை முதலில் போடச் சொன்னேன், அதில் சாவியே கிடையாது! அடுத்த ஞாயிறு அதுதான், மாற்றக் கூடாது. எதிர் வீட்டு ஜன்னல்கள் ராத்திரியில் இருட்டாக இருக்கும், ஒரு சிகரெட் நெருப்பு மட்டும் தெரிகிற காட்சி உண்டு, சாளை வாசல் லைட்டை அணைத்துவிடுங்கள்.